துளிர் விடும்வரை தொடாதே

அத்தை எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் வாசலில் செருப்போடு கொஞ்ச நேரம் நிற்பார். உள்ளே இருப்பவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். பிறகுதான் செருப்பைக் கழற்றுவார். கழற்றிக்கொண்டே சொல்வார்: "பாப்பா வாடியிருக்கா. நீ என்னடா தம்பி, கருகின மாதிரி நிக்கிற?" எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து பார்த்துவரும் பழக்கம் இது. அப்பா, "வானிலை அறிக்கையை உள்ள வந்து வாசியேன்க்கா" என்பார். ஆனால் அறிக்கை பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். நான் வாடியிருக்கிறேன் என்றால் எனக்குப் பசி. அப்பா கருகியிருக்கிறார் என்றால் எவரோ நாலு பேர் முன்னால் அவரைத் திட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

அத்தைக்கு வாட்டமும் கருகலும் ஒன்றல்ல. வாட்டம், தண்ணீர் போதாமல் வருவது. ஒரு வாய்ச் சாப்பாட்டிலோ ஒரு நல்ல வார்த்தையிலோ சரியாகிவிடும். கருகல், வெயில் அதிகமாகி வருவது. அதற்கு நிழல் வேண்டும். துவண்டவர்களுக்குக் கம்பு நட்டுச் சேர்த்துக் கட்ட வேண்டும், அதாவது கூடவே ஓர் ஆள் இருக்க வேண்டும். படிப்பு படிப்பு என்று விரட்டப்பட்ட பக்கத்து வீட்டுப் பெண் எல்லாரிடமும் எரிந்து விழுந்தபோது, அது திமிரில்லை, காலத்துக்கு முன்னாலேயே பழுக்க வைத்ததில் வெம்பிவிட்டாள் என்றார். யாரையும் பட்டுப்போனவர் என்று மட்டும் அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அந்தச் சொல்லைச் செடிகளுக்கு மட்டுமே வைத்திருந்தார். அதையும் நகத்தால் தண்டைக் கீறிப் பார்த்து, உள்ளே பச்சை இல்லை என்று தெரிந்த பிறகே சொல்வார். சொல்லிவிட்டால் செடியைப் பிடுங்கிப் போட்டு, தொட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்.

அவருக்கு வேலை, அலுவலகங்களுக்குச் செடி வாடகைக்கு விடும் ஒரு நிறுவனத்தில். வங்கியின் வரவேற்பறையிலும் லிஃப்டுக்குப் பக்கத்திலும் மேலாளர் அறை மூலையிலும் பளபளவென்று நிற்கிற மணி பிளான்ட், ரப்பர் செடி, குட்டைப் பனை எல்லாம் அந்தந்த அலுவலகத்துக்குச் சொந்தம் என்று பலர் நினைக்கிறார்கள். அவை வாடகைக்கு வந்தவை. ஏசிக் குளிரிலும் டியூப்லைட் வெளிச்சத்திலும் சில வாரம் நின்றால் இலை மஞ்சளாகத் தொடங்கும். உடனே அதைத் தூக்கிவிட்டு, அதே இடத்தில் அதே உயரத்தில் இன்னொன்றை வைத்துவிட வேண்டும். மாற்றியது யாருக்கும் தெரியக் கூடாது. அத்தை தள்ளுவண்டி, வாளி, ஸ்பாஞ்சு, கத்தரிக்கோலோடு மாடி மாடியாக ஏறி இறங்குவார். இலையின் தூசியைத் துடைப்பார். தொட்டிக்குள் கிடக்கும் சிகரெட் துண்டுகளையும் ஸ்டேப்ளர் பின்களையும் பொறுக்குவார். இவ்வளவு படித்தவர்களுக்கு ஆறிப்போன காபியை ஊற்ற வேறு இடம் கிடைக்கவில்லையா என்று, செடிகளை ஏற்றிவரும் வேன் டிரைவரிடம் புலம்புவார். அங்கெல்லாம் அவர் பெயர் செடியம்மா.

மஞ்சளான செடிகள் நிறுவனத்தின் கிடங்குக்குப் பின்னால், பச்சை வலை கட்டிய கொட்டகைக்கு ஓய்வுக்கு வரும். அங்கே அத்தை வைத்ததுதான் சட்டம். திரும்பி வந்த செடிக்குத் தண்ணீர் மட்டும் உண்டு. உரம் போடக் கூடாது, கிளையைக் கழிக்கக் கூடாது, மண்ணைக் கிளறக் கூடாது, இருக்கும் இடத்திலிருந்து நகர்த்தக்கூடக் கூடாது. புதுத் துளிர் ஒன்று விடும்வரை யாரும் தொடக் கூடாது. வேன் டிரைவர் ஒருமுறை ஒரு தொட்டியைச் சும்மா திருப்பி வைத்தார். "தூங்கிட்டு இருக்கும்போது உன்னை யாராவது புரட்டிப் போட்டாத் தெரியும்" என்று சொன்ன அத்தை அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

அத்தையின் தம்பியான என் அப்பா டூவீலர் மெக்கானிக். மனிதர்களைச் சொல்ல அவரிடம் இருந்தது வேறு அகராதி. கோபக்காரர் ஓவர்ஹீட் ஆன ஆள். சோர்ந்தவர் பேட்டரி இறங்கினவர். வாய் திறக்காதவருக்கு சைலன்சர் அடைத்திருக்கிறது. எங்கள் வாடகை வீட்டின் சொந்தக்காரரைப் பற்றி அக்காவும் தம்பியும் ஒருநாள் பேசினார்கள். முற்றிப்போன கத்தரிக்காய், இனி வேகாது என்றார் அத்தை. கிளட்ச் தேய்ந்த வண்டி, எவ்வளவு முறுக்கினாலும் நகராது என்றார் அப்பா. நடுவில் உட்கார்ந்திருந்த அம்மா, "ஒரு மனுஷனைப் பத்திப் பேசுறீங்களா, இல்ல சந்தையில ஏலம் விடுறீங்களா?" என்றார்.

அம்மாவுக்கும் அப்பாவின் மெக்கானிக் பட்டறையில்தான் வேலை. பின்பக்கம் ஒரு தையல் மிஷின் போட்டு, வண்டிகளுக்கு சீட் கவர் தைத்தார். முன்னால் அப்பா இன்ஜினை உறுமவிட்டுச் சத்தம் கேட்பார். பின்னால் மிஷின் கடகடக்கும். இரண்டு சத்தத்துக்கும் மேலே கத்திக் கத்தியே பேசிப் பழகியதால் வீட்டிலும் இருவரும் சண்டைக்காரர்கள் மாதிரிதான் பேசிக்கொள்வார்கள்.

நான் கல்லூரியில் கடைசி ஆண்டுக்குப் போகவிருந்த கோடையில் அம்மா இறந்தார். சாதாரணக் காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

அப்பா பட்டறையைப் பூட்டினார். சன்னல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தார். சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டார், படுக்கச் சொன்னால் படுத்தார். அத்தை தன் வாடகை அறையைக் காலி செய்துவிட்டு எங்களோடு வந்துவிட்டார். வந்த அன்று வாசலில் நின்று அப்பாவின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போய், இது வெறும் வாட்டமில்லை, வேர் ஆடிப்போயிருக்கிறது என்றார். பிறகு கொட்டகையின் சட்டத்தை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

முதலில் இடம் மாற்ற வேண்டும் என்றார். பட்டறைச் சாவியைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். தினமும் காலையில் அப்பாவைத் தன்னோடு கொட்டகைக்கு அழைத்துப்போய், வலையின் நிழலில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார். அடுத்தது, கிளறக் கூடாது. அம்மாவின் மூக்குக் கண்ணாடி, செருப்பு, சீப்பு, சுவரில் இருந்த படம் எல்லாவற்றையும் அப்பா குளிக்கப் போயிருந்த நேரத்தில் ஒரு பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். அம்மாவைப் பற்றி அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று எனக்குச் சொன்னார், பக்கத்து வீட்டில் சொன்னார், துக்கம் விசாரிக்க வந்த உறவினர்களைத் தெருமுனையிலேயே மடக்கிச் சொன்னார், வேன் டிரைவருக்கும் சொன்னார். துளிர் விடட்டும், அதுவரை யாரும் தொடாதீர்கள் என்றார்.

நான் படித்தது மனித மனத்தைப் பற்றிய படிப்பு. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். இழந்தவர்களை, இழந்தவரைப் பற்றிப் பேசவிட வேண்டும் என்று பாடப்புத்தகத்தில் இருந்தது. அதை அடிக்கோடிட்டுப் படித்து, பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். ஆனால் அத்தை 'வேர் ஆடியிருக்கு' என்று சொன்னதும் புத்தகம் எங்கோ போய்விட்டது. அந்த வரி ஆங்கிலத்தில் இருந்தது. அத்தையின் வரி நான் பேசப் பழகிய சொற்களில் இருந்தது. இரண்டில் எது சரி என்று நான் யோசித்ததாக நினைவில்லை. எது கண்ணுக்குத் தெரிந்ததோ அதை நம்பினேன். வேர் தெரிந்தது, மண் தெரிந்தது, அவசரக்காரன் கை பட்டு அது ஆடுவதும் தெரிந்தது.

இப்போது யோசித்தால், ஒரு துக்கத்தை என்ன சொல்லால் சொல்கிறோமோ அதற்கேற்ற கருவியைத்தான் கை தேடுகிறது என்று தோன்றுகிறது. உடைந்துவிட்டான் என்றால் ஒட்ட நினைப்போம். பேட்டரி இறங்கிவிட்டது என்றால் சார்ஜ் போடப் பார்ப்போம். வாடிவிட்டான் என்றால் தண்ணீர் ஊற்றிவிட்டுக் காத்திருப்போம். காத்திருப்பது மோசமான காரியமில்லை. அத்தை இல்லாமல் போயிருந்தால் அந்த மாதங்களில் அப்பா சாப்பிட்டே இருக்க மாட்டார். யாரும் அவரை ஏன் இன்னும் இப்படி இருக்கிறாய் என்று அதட்டவில்லை. எழுந்து வேலையைப் பார் என்று விரட்டவில்லை. வேறு வீடுகளில் என்னென்ன சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

மழைக்காலத்தில் ஒருநாள் கொட்டகையில் தள்ளுவண்டியின் சக்கரம் கீச்சென்றது. அப்பா தானாகவே எழுந்துபோய் வண்டியைக் கவிழ்த்து, சக்கரத்தைக் கழற்றி, எண்ணெய் விட்டு மாட்டினார். அத்தை அன்று மாலையே, கல்லூரி விடுதிக்குத் திரும்பியிருந்த எனக்குப் போன் செய்தார். "விட்டுருச்சு பாப்பா. துளிர் விட்டுருச்சு" என்றார். நான் விடுதி மொட்டை மாடியில் நின்று அழுதேன்.

மறுநாள் அப்பா படுக்கையை விட்டு எழவில்லை. அதற்கடுத்த நாளும் எழவில்லை. பிறகு கொட்டகைக்கு வந்தாலும் நாற்காலியில் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். தட்டில் பாதிச் சாப்பாடு திரும்பி வந்தது. சட்டை தோளில் தொங்கத் தொடங்கியது. அத்தை இன்னும் மெதுவாக நடந்தார், இன்னும் தணிவாகப் பேசினார். பாத்திரம் கழுவும் சத்தம்கூட வராமல் பார்த்துக்கொண்டார். கடைசிப் பரீட்சை முடிந்து நான் வீட்டுக்கு வந்தபோது, வீடு பெரிய ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது.

வந்த அன்று அத்தை துணி மடித்துக்கொண்டிருந்தார். அப்பாவின் சட்டை ஒன்றை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். என்னைப் பார்க்காமல், "பட்டுப்போச்சோன்னு பயமா இருக்கு பாப்பா" என்றார்.

வேறு யாராவது சொல்லியிருந்தால் பேச்சுக்குச் சொன்னது என்று விட்டிருப்பேன். அத்தை வாயில் அந்தச் சொல்லுக்கு அடுத்த வேலை என்ன என்று எனக்குத் தெரியும். அவர் பக்கத்தில் உட்கார்ந்து மீதித் துணிகளை மடித்தேன்.

அடுத்த வாரம் நான் கொட்டகைக்குப் போயிருந்தேன். அத்தை குழாயைப் பிடித்துக் குட்டைப் பனைகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அப்பா வழக்கம்போல நாற்காலியில் இருந்தார். வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. பட்டறையின் பழைய வாடிக்கையாளரான கூரியர்காரர். வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய், இப்போதுதான் திரும்பியிருக்கிறார். பட்டறை பூட்டிக் கிடந்ததால் டீக்கடையில் விசாரித்து இங்கே வந்திருக்கிறார். அவருக்கு எதுவும் தெரியாது. அத்தையின் சட்டம் எட்டாத ஒரே ஆள் அவராகத்தான் இருந்திருக்கும்.

ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டார். "அண்ணே, அக்கா எங்க? அவங்க தச்ச கவர் பிரிஞ்சுபோச்சு. ஆயுசுக்கும் தாங்கும்னு சொன்னாங்கல்ல, சண்டை போடலாம்னு வந்தேன்."

அத்தை குழாயைப் பிடித்தபடியே கூரியர்காரரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார், தலையை ஆட்டினார், உதட்டில் விரலை வைத்தார். அவர் ஒன்றும் புரியாமல் அத்தையையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

அப்பா எழுந்து வண்டிக்குப் பக்கத்தில் போனார். சீட்டில் பிரிந்திருந்த இடத்தை விரலால் தடவினார். "அவ போயிட்டா" என்றார். "போன கோடையில."

கூரியர்காரர் வண்டியிலிருந்து இறங்கினார். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, எப்படிண்ணே, என்ன ஆச்சு என்று கேட்டார். அவ்வளவுதான். அந்தக் கேள்விக்கு அப்பா பதில் சொல்லத் தொடங்கியவர் நிறுத்தவில்லை. காய்ச்சல் வந்த நாளைச் சொன்னார். அம்மா மருந்து குடிக்க மறுத்ததைச் சொன்னார். கவரின் ஓரத்துக்கு மட்டும் அம்மா இரட்டை நூல் போடுவதையும், நூல் வீணாகிறது என்று தான் கத்தியதையும், 'உன் வண்டி ரோட்டுல நின்னாலும் நிக்கும், என் தையல் பிரியாது' என்று அம்மா பதிலுக்குக் கத்தியதையும் சொன்னார். அதைச் சொல்லும்போது அப்பா சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே அழுதார். கூரியர்காரரும் மூக்கை உறிஞ்சினார். அத்தை கையிலிருந்த குழாய் ஒரே தொட்டியில் ஊற்றிக்கொண்டே இருந்தது. தண்ணீர் வழிந்து எங்கள் கால்களுக்கு வந்தது. யாரும் நிறுத்தவில்லை.

கூரியர்காரர் போன பிறகு அப்பா அத்தையிடம் திரும்பினார். கோபமாகப் பேசவில்லை. "இத்தனை மாசமா அவ பேரை ஒருத்தர் எடுக்கலக்கா. வீட்டுல அவ சீப்புகூட இல்ல. எல்லாரும் மறந்துட்டீங்கன்னு நெனச்சேன். நான் மட்டும் நெனச்சுட்டு உக்காந்திருக்கேன்னு ஒரு மாதிரி வெக்கமா இருந்துச்சு."

அத்தை குழாயைப் பிடித்தபடியே சொன்னார்: "கிளறக் கூடாதேன்னுதாண்டா. வேர் பிடிக்கட்டும்னு..."

"நான் செடி இல்லக்கா" என்றார் அப்பா. "என்னைக் கேட்டா பதில் சொல்லுவேன்."

அத்தை குழாயைக் கீழே போட்டுவிட்டு, ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் போய்த் தண்ணீரை நிறுத்தினேன்.

அன்று மாலை கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டி வெளியே வந்தது. அத்தை மூக்குக் கண்ணாடியைத் துடைத்துச் சன்னல் விளிம்பில் வைத்தார். படத்தை மாட்ட ஆணி அடித்தவர் அப்பா. அடித்தது கோணல், அதைச் சொன்னது அத்தை. பட்டறைச் சாவியையும் அத்தை எடுத்து நீட்டினார். அந்த இடம்தான் தம்பியை வாட்டும் என்று நினைத்துத்தான் அதை ஒளித்துவைத்திருந்தார். அப்பாவுக்கோ அம்மா மிச்சமிருந்த இடமே அதுதான். மிஷினில் அம்மா கடைசியாகக் கோத்த நூல் ஊசியிலேயே இருந்தது.

கூரியர்காரரின் கவரை அப்பாவே தைத்தார். இரண்டு முறை பிரித்துத் தைத்தார். மூன்றாம் முறையும் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கித்தான் வந்தது. கூரியர்காரர் உட்கார்ந்து பார்த்துவிட்டு, இனி இடது பக்கம் திரும்புகிற முகவரிக்கு மட்டும்தான் பார்சல் கொண்டுபோக முடியும் என்றார். ஆனால் கவரை மாற்றவில்லை. பட்டறை திரும்பவும் ஓடத் தொடங்கியது. அப்பா தேறிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். சில காலைகளில் இன்னும் அந்தச் சன்னல் நாற்காலியில்தான் இருக்கிறார். என்னப்பா என்றால் இப்போது சொல்கிறார்: உங்கம்மாவோடு ஒரு சின்னச் சண்டை பாக்கி இருந்தது, அதை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அத்தை கேட்கப் பழகிக்கொண்டிருக்கிறார். அவருக்கு அது எளிதாக வரவில்லை. வாழ்நாளெல்லாம் பார்த்துச் சொன்னவர். சாப்பாட்டு நேரத்தில் திடீரென்று நிமிர்ந்து, "இன்னைக்கு அவளை நெனச்சியாடா?" என்று கணக்கு வாத்தியார் மாதிரி கேட்பார். அப்பா புரையேறச் சிரிப்பார். பிறகு பதில் சொல்வார்.

எனக்குப் பட்டம் கிடைத்துவிட்டது. துக்கத்தில் இருப்பவர்களோடு பேசுகிற ஒரு மையத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். அங்கே வருகிறவர்கள் 'பட்ட மரம் மாதிரி ஆயிட்டேன்' என்று சொல்லும்போது எனக்கு அத்தையின் நகம் ஞாபகம் வருகிறது. உள்ளே எங்கோ பச்சை இருக்கும் என்ற நம்பிக்கை எனக்கு அவரிடமிருந்துதான் வந்தது. அந்த நம்பிக்கையோடு அந்தப் பேசாத மாதங்களும் வந்துவிடுகின்றன. எந்தச் சொல்லை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. இப்போதைக்குக் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறேன்.

ஒரு நாள் காலைச் சாப்பாட்டின்போது அப்பா பழைய கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். அத்தையும் அம்மாவும் சின்ன வயதில் ஒரே துணி ஆலையில் அடுத்தடுத்த மிஷினில் இருந்தவர்கள். அம்மாவை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்ததே அத்தைதான். 'நான் கொண்டாந்து நட்ட செடி' என்று அத்தை ஊரெல்லாம் பெருமை பேச, 'நட்டதோட சரி, ஒரு நாள் தண்ணி ஊத்திருப்பாளா' என்று அம்மா கேட்பாராம். அப்பா சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். அத்தையைப் பார்த்தார்.

"எனக்கு முன்னாடியே அவ உனக்குக் கூட்டாளி. உனக்கும்தானே போயிட்டா. நீ எப்படி இருக்கக்கா?"

அத்தை தட்டைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். வெளியே வேனின் ஹாரன் கேட்டது. சட்டென்று எழுந்து, கையைக் கழுவி, பையை மாட்டிக்கொண்டார். "வந்து சொல்றேன்" என்றார்.

அன்று சாயங்காலம் வந்தார், சொல்லவில்லை. அதற்குப் பிறகு அப்பா பல தடவை கேட்டுவிட்டார். ஒருமுறை தலைவலி என்றார், ஒருமுறை அடுப்பில் பால் இருந்தது, ஒருமுறை எங்கள் இருவரையும் வெகுநேரம் பார்த்துவிட்டு, நாளைக்குச் சொல்கிறேன் என்றார். அந்தப் பதில் எங்களுக்கு இன்னும் வரவில்லை. அப்பா கேட்பதை விடுவதாக இல்லை.